அடைப்பில்லாமல் போன சூத்திரம்

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் செஞ்சியிலேயே அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் ஆள் நான்தான். கணக்குச் சூத்திரத்தைக் குறிகளாக அடித்தால் போதும், எது மேலே, எது கீழே என்று அதுவே அடுக்கிவிடும்.

பாறைக்கு எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம் என்ற சூத்திரத்தை அட்டையில் அடித்துத் தரும்படி ஒரு குவாரி இன்ஜினீயர் கேட்டார். ஆபரேட்டர் பாத்திமா குறிகளை எழுதி வைத்துவிட்டு லீவில் போயிருந்தாள். நானே உட்கார்ந்து அடித்தேன். குறிகளுக்கு நடுவே அவள் போட்டிருந்த வளைந்த அடைப்புகள் அச்சில் விழுவதில்லை என்பது தெரியும். விழாததை எதற்கு அடிப்பது என்று விட்டுவிட்டேன். அட்டை அழகாக வந்தது, குவாரிக்கும் போய்விட்டது.

மறுநாள் பாத்திமா மிச்ச அட்டையைப் பார்த்தாள்.

“இன்னா மொதலாளி, ப்ராக்கெட்ட உட்டுட்டீங்க? அது இருந்தாத்தான் மூணு பை ரெண்டு முழுசா அடுக்கா மேல ஏறும். மூணு மட்டும் ஏறியிருக்குது.”

“இத்துனூண்டு ப்ராக்கெட்டுக்கா இந்தக் கூச்சல்?”

“மருந்து பல மடங்கு ஆயிடும் மொதலாளி. இன்னிக்கு அங்க வெடி!”

சைக்கிளை மிதித்தேன். குவாரியை நெருங்கும்போதே வெடிக்கு முந்தைய எச்சரிக்கைச் சங்கு ஊதிவிட்டது. திரி எரிந்துகொண்டிருந்தது.

“இன்னும் தூரம் ஓடுங்கடா!” என்று ஒதுங்கி நின்ற ஆட்களைப் பார்த்துக் கத்தினேன்.

மேஸ்திரி சிரித்தார். “அச்சுக்காரரு வெடிக்குப் பயந்துட்டாருடா!”

ஆனாலும் என் முகத்தைப் பார்த்து எல்லாரும் ஓடினார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மாட்டுவண்டி அளவுக் கல் வந்து விழுந்தது.

உயிர் காத்தவன் என்று எனக்கு மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டினேன். அச்சகத்தில் பாத்திமா மிச்ச அட்டைகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

இன்றும் குவாரிப் பக்கம் வெடித்தால், யாராவது அலறுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நான் அடுத்த வார்த்தை பேசுகிறேன்.