பாலத்தில் காவல் மாறிய நாள்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்தபோது, விசேட தேவையுள்ள மாணவர்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. யுத்த காலம். அந்த மாணவர்களுக்குப் பொறுப்பான அலுவலரைப் பேட்டி காண, இரவல் டேப் ரெக்கோடருடன் போனேன். அவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஐம்பதை நெருங்கியவர். என் கேள்விகளோ ஏதோ ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தயாரித்தவை. அவற்றின் மேல் எனக்கு அபாரப் பெருமை.

"வீல்செயார் போறதுக்கு எத்தன கட்டடத்துல சரிவுப் பாதை இருக்கு மிஸ்?"

"ஒண்டிலயும் இல்லை. அடுத்ததைக் கேளும்."

இப்படியே போனது. அவர் கண் வாசலிலேயே இருந்தது. மஹய்யாவையிலிருந்து மழையில் நனைந்து வந்தவளுக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, நீங்க செய்ற வேலையில எது மிஸ் முக்கியம்?" என்றேன் வெடுக்கென்று.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். வன்னியில் ஷெல் விழுந்து செவிப்புலனை இழந்த மாணவன் ஒருவன் கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தானாம். வகுப்புக்கு வர, பாலத்தடிச் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். ஆமிக்காரர் 'நில்' என்றால் அவனுக்குக் கேட்காது. அதனால் அங்கே காவலுக்குப் புது ஆட்கள் வரும்போதெல்லாம் இவர் அவனைக் கூட்டிப்போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவார்.

"மாப்பிளை காட்டுற மாதிரித்தான்," என்று சிரித்தார்.

அந்த நேரம் பியோன் உள்ளே வந்தார். "பாலத்துல எல்லாம் புது ஆளுங்க மிஸ். பஸ்ஸ நிப்பாட்டி, எறக்கி நடக்க விடுறாங்க."

"ஐயோ, அவன் பின்னேர வகுப்புக்கு இப்ப வருவானே!"

குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். நானும் பின்னால் ஓடி அவர் பிடித்த திரீவீலரில் ஏறிக்கொண்டேன். பேட்டி பாதியில் நின்ற எரிச்சல் அப்போதும் எனக்குப் போகவில்லை என்பதுதான் வேடிக்கை.

நாங்கள் இறங்கியபோது, பஸ்ஸில் வந்தவர்கள் பாலத்தின் அந்தப் பக்கமிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு சிப்பாய், "நவத்தின்ன!" என்று கத்தினான். எல்லோரும் நின்றார்கள். ஒருவன் மட்டும் மழைக்குத் தலையைக் குனிந்தபடி நடந்து வந்தான். சிப்பாய் துவக்கை உயர்த்தினான்.

மிஸ் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, இருவருக்கும் நடுவில் கையை விரித்து நின்றார்.

"மல்லி, எயாட்ட எஹென்னே நே!" தம்பி, அவனுக்குக் கேட்காது.

துவக்குத் தாழ்ந்தது. தனக்கு யாரும் சொல்லவில்லையே அக்கா என்று சிப்பாய் சிங்களத்தில் முணுமுணுத்தான். பாவமாக இருந்தது, அவனுக்கும் என் தம்பியின் வயதுதான் இருக்கும்.

மாணவனின் கையைப் பிடித்து ஒவ்வொரு சிப்பாயிடமும் முகத்தைக் காட்டிவிட்டு, மிஸ் பாலத்தின் ஓரமாகப் போய் ஆற்றைப் பார்த்து நின்றார். "குனிஞ்சுகொண்டு வராதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்று எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே ஏசினார்.

அவன் அவர் முதுகையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மிஸ் என்னோட எப்பவும் முகத்தைக் காட்டித்தான் கதைக்கிறவ," என்றான் என்னிடம். "இண்டைக்கு ஏன் அங்கால திரும்பி நிக்கிறா? அழுறாவோ?"