மேல் டிவிஷன் போர்த்தாத சால்வை

பொகவந்தலாவை பஜாரில் என் ஒலிபெருக்கிக் கடைக்குப் பலகைப் படி ஏறித்தான் வரவேண்டும். அந்தப் படியில் ஒரு கால் மெதுவாகவும் மறு கால் ‘டக்’கென்றும் விழுந்தால், நான் தலையைத் தூக்காமலே “வாங்க ஆமிக்காரரே” என்பேன். சண்டையில் ஒரு பாதத்தை விட்டுவிட்டு வந்தவர். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆட்கள் ராணுவத்துக்குப் போவது அபூர்வம். கொழும்பில் கடை வேலை என்று கிளம்பிப் போனவர், சம்பளம் கூடுதலென்று அந்த உடுப்பை மாட்டிக்கொண்டார். ஊர் திரும்பிச் சில வருஷம் கழித்து மாகாண சபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். அவர் கூட்டங்களுக்கெல்லாம் மைக் கட்டியவன் நான்.

எங்கள் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு, தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு டிவிஷனிலும் தோட்டத் தலைவர் மாரியம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைத்துச் சால்வை போர்த்துவார். போர்த்திவிட்டால் அந்த டிவிஷன் அவர் பக்கம். தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பினால், விளங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டியதுதான். கீழ் டிவிஷன் போர்த்தியது. பஜாரில் துணிக்கடை முஸ்லிம் நானாகூட “நம்ம ஆளு” என்று ஒன்று போர்த்தினார். அவர் பிறந்த மேல் டிவிஷன்தான் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டது.

காரணம், அவருடைய அத்தை. தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தவர். தன் ஒரே மகளை, தமிழர்மீதான கலவரத்துக்குப் பிறகு வடக்கே வன்னியில் போய்க் குடியேறிய ஒரு மலைநாட்டுக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து மகளும் பிள்ளைகளும் போய்விட்டார்கள். அடக்கம் செய்ய உடல்கூட வரவில்லை. “அந்தக்கா மொதல்ல போத்தட்டும், நாங்க பின்னால வாறோம்” என்றுவிட்டார் தலைவர்.

“ஓட்டு விழாட்டி போகுதுண்ணே. பொறந்த லயத்துச் சனம் என்னையும் ஒரு மனுசனா சேத்துக்கிட்டாப் போதும்” என்பார் ஆமிக்காரர். அத்தை வீட்டுக்கு விடாமல் நடந்தார். “நான் ஆமி அடுப்படியிலதான் கெடந்தேன் அத்தை. அரிசி லொறியில போறப்பதான் கால் போச்சு. துவக்கத் தூக்கி யாரையும் சுடல.” அத்தை முகம் கொடுக்கமாட்டார். ஒருநாள் மட்டும், “நீ சமைச்சியாக்கும்! இங்க ஒரு நாளாவது சுடுதண்ணி வச்சிருப்பியாடா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு மனமும் இளகிவிட்டது. கடைசிக் கூட்டத்துக்குச் சால்வையோடு வருவதாகச் சொன்னார்.

அந்தக் கூட்டத்துக்குத் தன் பழைய அதிகாரியையும் அழைத்திருந்தார் ஆமிக்காரர். பெரிய மனிதர் வாயால் நாலு நல்ல வார்த்தை வந்தால் சிங்கள ஓட்டும் விழும், நம் சனத்துக்கும் பெருமை என்ற நினைப்பு. அதிகாரி நல்ல மனுஷர். உள்ளபடியே பாசத்தோடுதான் பேசினார். “இவனைப் போல ஒரு வீரனை நான் கண்டதில்லை. துவக்கோடு முதல் ஆளாக உள்ளே போனவன் இவன்தான். காலைக் கொடுத்ததும் அங்கேதான்” என்று சிங்களத்தில் சொல்லி, ஒரு வன்னிக் கிராமத்தின் பேரையும் சொன்னார். எங்கள் ஆட்களுக்குச் சிங்களம் விளங்காதா என்ன? அது அத்தையின் மகள் வாழ்ந்த கிராமம்.

பஜார் பக்கம் கை தட்டினார்கள். அத்தை முன்வரிசையிலிருந்து எழுந்து மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

“அடுப்படின்னியேடா?”

மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அத்தை மடிப்புக் கலையாத அந்தச் சால்வையைப் பிரித்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு மேட்டு ரோட்டில் நடந்தார். மேல் டிவிஷன் சனம் முழுக்க அவர் பின்னால் போனது.

ஆமிக்காரர் தோற்றார். இப்போது ஹட்டனில் ஒரு கடைக்குக் காவல் காக்கும் வாட்சர். மேல் டிவிஷன் பக்கம் அவர் காலே வைப்பதில்லை. போன மாசம் அங்கே கோயில் திருவிழாவுக்கு மைக் கட்டப் போனபோது, கண் மங்கிப்போன அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“அவன் அந்த எடத்தப் பாத்திருக்கான்ல தம்பி? நான் ஒருக்காக்கூட போனதில்ல. வாசல்ல மாமரம் நிக்கிது, கெணத்துத் தண்ணி அப்பிடி இனிக்கும்னு புள்ள சொல்லும். அதெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும். ஏசமாட்டேன்னு சொல்லு. ஒருக்கா வரச் சொல்லு.”

ஹட்டனுக்குப் போய் அப்படியே சொன்னேன். ஆமிக்காரர் தன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

“நாங்க உள்ள போறப்ப அங்க மரமும் இல்ல, கெணறும் தூந்து கெடந்துச்சுண்ணே. அத நான் போயி சொல்லவா, இல்ல இன்னொரு பொய் சொல்லவா?”