கூட்டத்தை விலக்கிய குரல்

சென்ற ஆண்டு கோடையில், ஹைதராபாத் உப்பலில் நடந்தது இது. என் மகள் அங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்தால் நேரே வீட்டுக்கு வரமாட்டாள். கல்லூரியின் வீதி நாடகக் குழுவில் சேர்ந்திருந்தாள். தெருவில் நின்று கத்துவதற்கா இவளைப் படிக்க வைக்கிறோம் என்று நானும் என் கணவரும் முணுமுணுக்காத நாளில்லை. அவள் காதில் வாங்கிக்கொண்டால்தானே!

ஒரு ஞாயிறு காலை மூவரும் காய்கறிச் சந்தைக்குப் போனோம். என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிடலாம் என்று கிளம்பிவிட்டார். தக்காளிக் கடை முன்னால் வியர்த்துக் கொட்டி, அப்படியே சரிந்து விழுந்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கொரு யோசனை. நினைவில்லாதவர் வாயில் ஒருவர் சோடாவை ஊற்றப் போனார். இன்னொருவர் செல்போனில் படம் எடுத்தார். எனக்குக் கைகால் ஓடவில்லை.

“அந்தரூ வெனக்கி ஜரகண்டி.”

எல்லோரும் பின்னால் நகருங்கள் என்று தெலுங்கில் ஒரு குரல். அவ்வளவு பெரிய குரல் என் மகளுடையது என்று எனக்கே உறைக்கச் சற்று நேரமாயிற்று. சோடாக்காரரைத் தடுத்து, அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கைகாட்டினாள். நீலச் சட்டை அண்ணன் ஆட்டோ பிடிக்க வேண்டும், குடை வைத்திருக்கும் அக்கா நிழல் பிடிக்க வேண்டும், ஹெல்மெட்காரர் வழி ஏற்படுத்த வேண்டும். படம் எடுத்தவரையும் அவள் விடவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு அப்பாவை ஆட்டோவில் ஏற்றக் கைகொடுக்கச் சொன்னாள். அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் செய்தார்கள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிட்டது, தாமதித்திருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். அதுவரை அடக்கிவைத்த அழுகையெல்லாம் எனக்கு அப்போதுதான் வந்தது.

உனக்கு எப்படியடி இதெல்லாம் தெரியும் என்று மகளைக் கேட்டேன்.

“பொதுவா ஹெல்ப் பண்ணுங்கன்னு கத்தினா ஒருத்தரும் அசைய மாட்டாங்கம்மா. ஒரு ஆளைப் பார்த்து, நீங்க இதைச் செய்யுங்கன்னு சொல்லணும். ஸ்ட்ரீட் ப்ளேக்குக் கூட்டம் சேர்க்கறப்போ கத்துக்கிட்டது.”

இப்போது அவர்கள் எங்கே நாடகம் போட்டாலும் என் கணவர் முதல் ஆளாய்ப் போய் நின்றுவிடுகிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை: கட்டிய மனைவி நானே கூட்டத்தோடு கூட்டமாக நின்றபோது என் மகள் ஒரு அடி முன்னால் வந்தாளே, அந்த அடியை எடுத்து வைக்க அவள் பழகியது நாங்கள் வீண் என்று நினைத்த அந்த மாலைகளில்தான்.