வரிசையில் என் பச்சைக் குடம்

சென்ற மாதம் லண்டனில் எங்கள் கவுன்சில் பிளாட்டில், அதாவது நகராட்சிக் குடியிருப்பில், தண்ணீர் நின்றுபோனது. அங்கேயுமா என்று ஊரில் சிரிப்பீர்கள். கீழே வேனை நிறுத்தித் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். படி இறங்க முடியாத பக்கத்து வீட்டு மார்கரெட்டுக்கும் சேர்த்து வரிசையில் இரண்டு பைகளை வைத்துவிட்டு, அடுப்பை அணைக்க மேலே ஓடினேன். திரும்பி வந்தால் எல்லோரும் தூரப்போய் நிற்கிறார்கள். ஆளில்லாத பை என்றால் இங்கே குண்டு என்றுதான் பயப்படுவார்களாம்.

"யார் பை இது?" என்றார் காவலாளி.

"ஒன்று என்னுடையது, ஒன்று மார்கரெட்டுடையது."

"அவர் எங்கே?"

"வீட்டில்."

"அப்படியானால் அவர் வரிசையில் இல்லை," என்றார், மிக மரியாதையாக. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சென்னை ராயபுரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஆள் இல்லாமலே வரிசையில் நிற்கலாம். தண்ணீர் லாரி வருமுன்பே குடங்கள் வந்துவிடும். ஹார்பரில் ஷிப்டுக்குப் போனவர், கோயிலில் பூசைக்குப் போனவர், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடப்பவள், எல்லோருக்கும் அவரவர் குடம் நிற்கும். பக்கத்தில் இருப்பவர் நிரப்பி நகர்த்தி வைப்பார். நிறத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். என்னுடையது பச்சை. கப்பல் ஊதும் சத்தமும் குடத்தில் தண்ணீர் விழும் சத்தமும் கலந்து இப்போதும் என் தூக்கத்தில் கேட்கின்றன. குடுமிப்பிடிச் சண்டைகளும் நடந்தன. ஆனால் இல்லாதவர் குடத்தை யாரும் தள்ளி வைத்ததில்லை.

அந்த பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். கூரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மூன்றாம் மாடிச் சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பமாக மாதவரம், எர்ணாவூர் என்று போய்விட்டது. என் அக்கா ஸ்டெல்லா மட்டும் சாவி கொடுக்க மாட்டேன் என்றாள். கூரை அவள் தலையில் விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கட்டி முடித்ததும் வீடு உனக்குத்தான், காகிதத்தில் எழுதித் தந்திருக்கிறார்களே என்று போனில் கெஞ்சினேன்.

"காயிதம் கீதுடி. நாம இல்லாதப்போ நம்ம எடத்த யாரு பாத்துப்பா?" என்றாள்.

காவலாளி சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு எர்ணாவூரில் ஆறாம் மாடிக்குப் போய்விட்டாள். சமையலறையிலேயே குழாய்.

"தண்ணி நல்லா வருதாக்கா?"

"தொறந்தா கொட்டுது. பேசத்தான் ஆளு இல்ல. அப்பறம், உன் பச்சக் கொடத்த எடுத்தாரல."

"மறந்துட்டியா?"

"மறப்பனா? லாரி நிக்கிற எடத்துல மொதல்ல வச்சிட்டு வந்துகீறேன். நாம திரும்பி வர்ற வரைக்கும் நிக்கட்டும்."

"ஏன், உன்னுத வச்சிருக்கலாமே?"

"என்னுது எனக்கு வோணும். உன்னுது நீ இல்லாமலே நிக்கப் பழகினதுடி. நீ லண்டன் போன நாளா தெனம் வச்சிகினுதான் இருந்தேன்."

இத்தனை வருஷமாக நான் வரிசையில் நின்றது எனக்கே தெரியாது. இங்கே தண்ணீர் என்றைக்கோ வந்துவிட்டது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராயபுரத்தில் இந்நேரம் பிளாக்கைச் சுற்றித் தகர வேலி போட்டிருப்பார்கள். உள்ளே, இனி லாரி வராத இடத்தில், முதல் ஆளாக நான் நிற்கிறேன்.