கிராம் சாரின் கோட்

கடைத்தெருவில் அவருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே 'சார்', முதுகைக் காட்டியதும் 'கிராம்'. எடை, அளவுகளைச் சோதிக்கும் அரசு அலுவலகத்தில் ஆய்வாளர். ஒரு கையில் எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியும் இன்னொரு கையில் ஈய முத்திரை குத்தும் குறடுமாக அவர் தெருமுனையில் திரும்பினால் போதும், கடைக்காரர்களுக்குத் திடீரென்று சுத்தத்தில் அக்கறை வந்துவிடும். ஆளாளுக்குத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்கள்.

ஒருமுறை மளிகைக்கடைக்காரரின் தராசு எடையைச் சற்றுக் கூட்டிக் காட்டி மாட்டிக்கொண்டது. "கொஞ்சம்தானே சார், பார்த்து விடுங்க" என்று அந்த மனிதர் கையைப் பிசைந்தார். "கொஞ்சம்னு ஒரு எடைக்கல் என் பெட்டியில இல்லையே" என்று சொல்லி, தராசுக்குச் சீல் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார் கிராம் சார். அந்தப் பதில் கடைத்தெரு முழுக்கப் பிரசித்தம். யாராவது அதைச் சொல்லிக் காதில் விழுந்தால் கேட்காத மாதிரி நடப்பார், ஆனால் நடை கொஞ்சம் மெதுவாகிவிடும்.

வீட்டில் கதையே வேறு. அங்கே அவருடைய வாய்க்குச் சீல் வைத்து வருஷங்கள் ஆகின்றன. மனைவிக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜை வேலை. வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்கத் தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிப் பழகிய அம்மாள், வீட்டுக்கு வந்தும் அதையே தொடர்ந்தாள். அவருக்கு எவ்வளவு பசிக்கிறது, யார் மேல் கோபம், எந்தச் சட்டை பிடிக்கும் என்பதையெல்லாம் அவளே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதால் அவரும் மறுத்துப் பேசியதில்லை.

துணிக்கடைக்கு மட்டும் அவரைக் கூட்டிப்போவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். மனுஷர் அங்கே சட்டையைப் பார்க்க மாட்டார், கடைக்காரரின் மீட்டர் கோலைத்தான் உற்றுப் பார்ப்பார். அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவரோடு எந்த மனைவிதான் நிம்மதியாகத் துணி எடுக்க முடியும்?

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய போனுக்குள் அந்தச் செயலி வந்து சேர்ந்தது. ஓர் ஆளின் முழு உருவப் படத்தைக் கொடுத்துவிட்டால், எந்த உடையைக் காட்டினாலும் அதை அந்த ஆளுக்குப் போட்டுக் காட்டும். உயரத்தையும் எடையையும் சொன்னால் எந்த அளவு வாங்கலாம் என்றும் சொல்லும். யாருக்கும் பல் வலிக்காத மதிய வேளைகளில் அவள் ஊரையே உடுத்திப் பார்த்துவிட்டாள். கால் ஒடிந்து படுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரிக்குப் படுத்த இடத்திலேயே நாலு உடை தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். பல் டாக்டருக்கு ராஜா உடுப்பு மாட்டிக் கிரீடம் வைத்தாள். அவர் அதைத் தன் அறையில் மாட்டிக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். பிறந்ததிலிருந்து புடவையைத் தவிர வேறு அறியாத நாத்தனாருக்கு, அதாவது கிராம் சாரின் அக்காவுக்கு, ஜீன்ஸும் தோல் ஜாக்கெட்டும் போட்டுக் காட்டினாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சனியனே, இதை உடனே அழி" என்றாள். அழிப்பதற்கு முன்னால் தனக்கு ஒன்று அனுப்பச் சொன்னாள்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் செயலிக்கு உண்மையான வேலை வந்தது. வரவேற்புக்குக் குடும்பம் மொத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற நிறத்தில் நிற்க வேண்டும் என்பது அம்மாளின் திட்டம். கிராம் சாருக்குக் கருநீலக் கோட். செயலிக்கு அவருடைய அலுவலக ஆண்டு விழாப் படத்தைக் கொடுத்தாள். அவரிடம் இருந்த முழு உருவப் படமே அது ஒன்றுதான்.

அந்தப் படத்தில் ஒரு ரகசியம் இருந்தது. கேமராவைக் கண்டால் கிராம் சார் மூச்சை இழுத்து வயிற்றை முதுகோடு ஒட்டிக்கொள்வார், பொத்தான் அமுக்கி முடிகிற வரை விட மாட்டார். அரசாங்க உத்தியோக விறைப்பு அது என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு, அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது மனைவி கூடத்திலிருந்து, "உங்க எடை என்ன?" என்று குரல் கொடுத்தாள். அவர் யோசிக்கவே இல்லை, ஓர் எண்ணைச் சொல்லிவிட்டார். அந்த எடையில் அவர் கடைசியாக இருந்தது மகள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்.

போனில் கோட் போட்டுக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்து வீடே அசந்துபோனது. மனைவி அந்தப் படத்தை உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் அனுப்பினாள். இவரா, இவரா என்று பதில்கள் வந்து குவிந்தன. கிராம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. செயலி சொன்ன அளவில் வரவழைத்த கோட் வந்து இறங்கியபோதுதான் புரிந்தது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மூச்சை இழுத்துப் பிடித்து இரண்டு பொத்தானையும் போட்டார். "படத்துல பார்த்த மாதிரியே இருக்கு" என்று மனைவி கையைத் தட்டினாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சை விட்டார். தையல் முனகியது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் மனைவி சிரிப்பாள், சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொல்வாள், அக்கா ஊருக்கே சொல்வாள். எடை ஆய்வாளரே எடையில் பொய் சொன்னார் என்று கடைத்தெரு பேசிக்கொள்ளும். மறுநாள் அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மேடைத் தராசில் ஏறினார். அது காட்டிய எண்ணைப் பார்த்து முகத்தில் ஈயாடவில்லை. எந்திரத்தைக் குறை சொல்லவும் வழியில்லை, போன மாதம்தான் அவரே அதற்குச் சான்று கொடுத்திருந்தார்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார். மகளைப் பிரியப்போகிற ஏக்கத்தில் மனுஷர் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று மனைவி கலங்கிப்போய், பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு மடங்கு ஊட்டாத குறையாகப் போட்டாள். கோட் இன்னும் கொஞ்சம் இறுகியது.

இதற்கு நடுவே மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "ரிசப்ஷன்ல நீங்க பேசணும்பா. அம்மா இல்ல, நீங்க. உங்க வாயால ரெண்டு வார்த்தை நான் கேட்கணும்."

அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் ஒரு விஷயம் இருந்தது, அவள் பிறந்த வாரத்திலிருந்தே இருந்தது. மனைவியே எல்லாம் பேசிவிடுகிற வீட்டில் அதைச் சொல்ல இடம்தான் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் எடைக்கற்களை வரிசையாக வைத்து அவற்றின் முன்னால் பேசிப் பழகினார். பேச்சு நன்றாகவே வந்தது. ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு பழகியபோது வரவில்லை. பேச மூச்சு விட வேண்டும், கோட்டுக்கு மூச்சே விடக் கூடாது. இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்பது கணக்குத் தெரிந்த மனிதருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வரவேற்பு அன்று அவர் பொத்தானைத் திறந்து விட்டபடி வந்தார். "போடுங்க, படத்துல போட்டுதானே இருக்கு" என்று மனைவியே போட்டுவிட்டாள். அதன் பிறகு வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினார், கையைக் குலுக்கினார், வாயைத் திறக்கவில்லை. முகம் சிவந்து கண் லேசாகக் கலங்கியிருந்தது. பெண்ணைக் கொடுக்கிற அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் உருகினார்கள். மாப்பிள்ளையின் அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதுதான் அன்று மாலையின் மிகப் பெரிய ஆபத்து.

மைக் கைக்கு வந்தது. மனைவி வழக்கப்படி எழுந்து, "அவர் என்ன சொல்ல வர்றார்னா..." என்று ஆரம்பித்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கூட்டம் அவரைப் பார்த்தது. முதல் வரிசையில் அக்கா, மூன்றாவது வரிசையில் கடைத்தெருக்காரர்கள், நடுவில் மளிகைக்கடைக்காரர்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். மானம் தப்பிவிடும். அவர் மகளைப் பார்த்தார். அவள் இன்னும் அம்மாவின் கையை விடாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

கிராம் சார் மைக்கைக் கீழே வைத்தார். மேல் பொத்தானைக் கழற்றினார், அப்புறம் கீழ்ப் பொத்தானை. இத்தனை வருஷமாக உள்ளே இருந்த வயிறு சபைக்கு வந்தது. மைக்கை மறுபடி எடுத்தார்.

"மன்னிக்கணும்" என்றார். "கோட்டுக்காக எடை கேட்டாங்க. நான் குறைச்சுச் சொல்லிட்டேன்."

"எவ்வளவு சார் குறைச்சீங்க?" என்று மூன்றாவது வரிசையிலிருந்து மளிகைக்கடைக்காரரின் குரல் வந்தது.

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னு ஒரு எடைக்கல் இல்லையே சார்."

மண்டபம் அதிர்ந்தது. அக்கா, தோல் ஜாக்கெட் படத்துக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தாள். அவரும் சிரித்தார், நன்றாக மூச்சு விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மகளைப் பார்த்துப் பேசினார்.

"இவ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில ஒரு எடை சொன்னாங்க. நான் நம்பலை. வீட்டுக்குப் போற வழியில ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போய் என் தராசுல வெச்சுப் பார்த்தேன். அவங்க சொன்னது சரியா இருந்துச்சு. வெட்கமாப் போச்சு. தூங்கிட்டிருந்த பிள்ளையை எழுப்பிட்டோமேன்னு அழுகையே வந்துடுச்சு. மாப்பிள்ளை, இப்ப உங்க வீட்டுக்கு அனுப்புறேன். அங்க வந்து சோதிக்க மாட்டேன். நம்புறேன்."

அவ்வளவுதான் பேச்சு. மகள் முக அலங்காரமெல்லாம் போகிற அளவுக்கு அழுதாள். மனைவி முதல் முறையாக, அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாருக்கும் விளக்கவில்லை.

வீடு திரும்பும்போதும் அவள் பேசவில்லை. பெரிய கச்சேரி காத்திருக்கிறது என்று அவர் பயந்துகொண்டே இருந்தார். அந்த வாரம் அது வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை மாடி வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்ச் சுவரோரம் நிற்கச் சொல்லிப் போனைத் தூக்கினாள். பழக்கதோஷத்தில் அவர் மூச்சை இழுத்தார். அவள் போனைக் கீழே இறக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

"விடுங்க" என்றாள்.

விட்டார். அவள் எடுத்தாள். எடையைக் கேட்டாள், மேடைத் தராசு சொன்னதை அப்படியே சொன்னார். அவள் அதை அடித்துவிட்டு அதே கருநீலக் கோட்டைத் தேர்ந்தெடுத்தாள். போனில் தொந்தியும் தொப்பையுமாக ஒரு மனிதர் வந்து நின்றார். கோட் அவருக்குச் சரியாக இருந்தது. அவள் அதை யாருக்கும் அனுப்பவில்லை, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தனை நாளா யாரோ ஒரு ஆளுக்கு உடுப்பு தேடிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.