திரும்பி வரக் கூடாத லாரி

என் வீட்டுக்காரருக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம். வற்றல், அப்பளம், வடகம் என்று எல்லாம் உண்டு. ஆனால் அவருடைய பெருமையெல்லாம் நேந்திரங்காய் சிப்ஸில்தான். காரணம், அது அமெரிக்கா போகிறது. மலையடிவாரத்தில் இருக்கிற வித்துராவில் சில பெண்கள் சேர்ந்து ஒரு கூடத்தில் வறுத்து, பாக்கெட் போட்டுத் தருவார்கள். கொச்சியிலிருந்து ஓர் ஏற்றுமதிக்காரர் கடை வாசலுக்கே லாரி அனுப்பி எடுத்துக்கொள்வார். உள்ளூரில் ஒரு பாக்கெட் விற்றதில்லை. உறவுக்காரர்கள் கேட்டால்கூட, "அது எக்ஸ்போர்ட் சரக்காக்கும்" என்பார், ஏதோ தங்கக்கட்டியைக் கேட்டுவிட்ட மாதிரி.

அமெரிக்கா நம் சரக்குகளுக்கு வரியை ஏற்றியதும் கொச்சிக்காரர் ஃபோனில் ரொம்ப மரியாதையாக, கொஞ்சம் பொறுங்கள் என்றார். மனிதர்கள் பொறுக்கலாம், சிப்ஸ் பொறுக்குமா? எண்ணெய் சிக்குவாடை அடிக்க ஆரம்பித்தால் அமெரிக்கக்காரனும் தின்ன மாட்டான், ஆரியசாலை எலியும் தின்னாது.

வித்துராக் கூடத்தை நடத்துகிறவள் என்னைவிட இளையவள். மேலே தேயிலை எஸ்டேட்டில் வேலை இல்லாமல் போனபோது கீழே இறங்கி வந்த தமிழ்க் குடும்பம். விஷயம் கேள்விப்பட்டு பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டாள். எத்தனை தடவை கூப்பிட்டாலும் உள்ளே வர மாட்டாள், படிக்குக் கீழேதான் நிற்பாள்.

"அக்கா, உள்ளதைச் சொல்லுங்க. ஓணம் கழிஞ்சா அடுப்பைப் பூட்டணுமா? எஸ்டேட்டு பூட்டினப்ப எங்கம்மா அழுதது எனக்கு இப்பவும் ஓர்மை உண்டு. அங்க காத்துட்டிருக்கிறவங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்லட்டு?"

எனக்குக் கடல் தாண்டி எங்கோ யாரோ போட்ட கையெழுத்துக்கு வித்துராவில் அடுப்பு அணைய வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது.

அந்த வாரமே துபாயில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர், அங்கே நம் நாட்டோடு ஒப்பந்தம் இருப்பதால் வரித் தொல்லை அவ்வளவு இல்லை, அனுப்பினால் விற்றுப் பார்க்கிறேன் என்றார். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"விழிஞ்ஞத்துல அம்மாம் பெரிய கப்பலு வந்து நிக்குது. பின்னே எதுக்குக் கொச்சிக்காரன் காலைப் பிடிக்கணும், அல்லே?"

கல்யாணத்துக்குப் பிறகும் எட்டு வருஷம் நான் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தவள். "அங்க இப்போதைக்குக் கப்பல்லேர்ந்து கப்பலுக்குத்தாங்க பெட்டி மாத்துறாங்க. ரோடு வழியா வர்ற சரக்கை எடுக்க ஆரம்பிக்கலை. அதுவும் கண்டெய்னர் புக்கிங் இல்லாம, கஸ்டம்ஸ் பேப்பர் இல்லாம..." என்று ஆரம்பித்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. நேராகப் போய், பக்கத்தில் மிளகாய் வற்றல் விற்கும் நண்பரிடம் கேட்டார். நம்ம ஊரு ஹார்பர்காரன், நம்ம சரக்கை எடுக்காமல் பின்னே யாருடையதை எடுப்பான் என்று அந்த மிளகாய்க்காரர் சொல்லிவிட்டார். போதாதா?

மறுநாள் காலை லாரிக்குச் சந்தனம், குங்குமம், முன்னால் வாழைக்கன்று. தெருவிலேயே மூத்த வியாபாரி முதல் பெட்டியை எடுத்து வைத்தார். அவர் கைராசிக்காரர். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்க, லாரி கிளம்பியது. வழியனுப்ப வந்த வித்துராக்காரி கைகூப்பி நின்றாள்.

மத்தியானம் லாரி டிரைவரிடமிருந்து ஃபோன் வந்தது. "சேட்டா, இவிடெ ரோட்டுல வர்ற சரக்கு எடுக்கூல்ல" என்று கேட்டில் இருந்த செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிட்டாராம். சரி, கடைக்கே வாருங்கள் என்றால், அதிலும் ஒரு சிக்கல். எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்ட சரக்கு அதே கடையில் திரும்ப இறங்கக் கூடாது. ஆரியசாலையில் அப்படி ஒரு வழக்கம். இறங்கினால் வியாபாரமே படுத்துவிடும் என்பார்கள். ஆக, வாழைக்கன்றோடு லாரி கரமனையில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து நின்றது. இவர் அதன் நிழலில் முகம் தொங்க உட்கார்ந்திருந்தார். திட்டுவதற்கென்று போன நான், அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"துறைமுகத்துக்கும் போக முடியாது, கடைக்கும் வர முடியாது. இங்கேயே வித்துருவோம்."

"எக்ஸ்போர்ட் சரக்கையா? ரோட்டுலயா?" என்று பதறினார்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் அது. ரோட்டில் நல்ல கூட்டம். நானும், விஷயம் தெரிந்து கடையிலிருந்து ஓடி வந்த வித்துராக்காரியும் லாரிக்குள் ஏறி உட்கார்ந்து விலைச் சீட்டு ஒட்டினோம். ஜோடனையைப் பார்த்து ஏதோ ஓண விசேஷம் என்று நினைத்து வந்தவர்கள் முதலில் வாங்கினார்கள். பிறகு பெரியவர் ஒருவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "இந்தச் சிப்ஸு அமெரிக்காவுக்குப் போற சாதனமா? இத்தனை நாளு நமக்குத் தராம ஒளிச்சு வச்சிருந்தீங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். சண்டை போட்டுவிட்டு ஆறு பாக்கெட் வாங்கிப் போனார். நம் வித்துரா வாழைக்காய்தான், ஆனால் அமெரிக்கா பேர் இருந்தால் நம்மவர்களுக்கு ஒரு ருசி கூடத்தான். இருட்டுவதற்குள் லாரி காலி.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க வரி உடனே இறங்கவில்லை. தேங்காய் எண்ணெய் விலையைக் கேட்டால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் ஓணம் முடிந்து, உள்நாட்டில் தின்பண்டங்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்தபோது நாங்களும் விலையைக் குறைத்தோம். கரமனை பேக்கரிகளும் சில சூப்பர் மார்க்கெட்டுகளும் தாங்களாகவே கேட்டு வந்தன. துபாய்க்கு வேண்டிய பேப்பர் வேலையை நான் கையில் எடுத்து, தூத்துக்குடி வழியாக அனுப்ப ஏற்பாடு செய்தேன். இப்போதெல்லாம் இவர் மிளகாய்க்காரரிடம் கேட்பதில்லை, என்னிடம் கேட்கிறார். விழிஞ்ஞத்தின் கேட் நமக்கும் திறக்கட்டும், அன்றைக்கும் பேப்பரோடு நான்தான் போவேன். வித்துராவில் இப்போது ஒன்றுக்கு இரண்டு அடுப்பு எரிகிறது.

துபாய் சரக்கு கிளம்பிய காலையில் மறுபடி சந்தனம், வாழைக்கன்று, எலுமிச்சம்பழம். மூத்த வியாபாரி தயாராக வந்து நின்றார். இவர் அவரிடம் ஏதோ மெல்லச் சொல்லிவிட்டு, படிக்குக் கீழே நின்றவளைப் பார்த்து, "முதல் பெட்டி நீ எடுத்து வையி" என்றார்.

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "அய்யோ, நானா? இதுவும் அந்த லாரி மாதிரி திரிச்சு வந்தா, அக்கா?"

"வந்தா வரட்டும்டீ. இங்க தின்ன ஆளா இல்ல?"

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக எங்கள் கடைப் படியேறி உள்ளே வந்தாள்.