சளியின் கச்சேரி

பழுதான ஆம்ப்ளிஃபயருக்குள் என்னென்ன கிடக்கும் என்று ஆம்ப்ளிஃபயர் அக்காவிடம் கேட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கரப்பான் குடும்பம், எலிப் புழுக்கை, கருகிப்போன பல்லி. ரேடியோ கம்பெனியில் வேலை பழகி, அது மூடியதும் சொந்தக் கடை போட்டு இருபத்திரண்டு வருஷமாக அவற்றை வெறுங்கையால் அள்ளிப் போட்டு, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, விட்டுப்போன கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள். முடித்த வேலையின் ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு நகப்பாலிஷ் வைப்பாள். பாலிஷ் விரிசல் விட்டிருந்தால் வேறு கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். கல்யாணத்துக்குக்கூட நகத்தில் பூசாதவள், ஸ்க்ரூவுக்கென்று குப்பி குப்பியாக வாங்குவாள்.

இப்படிப்பட்டவளுக்கே தம்பி கொண்டுவந்த டப்பாவைப் பார்த்துக் குமட்டியது.

உள்ளே மஞ்சளாக, வழவழவென்று, நரம்பு நரம்பாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. செடியும் இல்லை, பூச்சியும் இல்லை, பூஞ்சை மாதிரி ஓர் உயிர். ஈரத்தில் வளருமாம், ஓட்ஸ் தின்னுமாம். அதன் உடம்பில் ஓடும் துளி மின்சாரத்தைக் கம்பியில் பிடித்து ஸ்பீக்கரில் சத்தமாக்க வேண்டும். தம்பி ஒலிக்கலைஞன், கலைக் கண்காட்சி மண்டபத்தில் வைக்கப்போகிறான்.

"சர்க்யூட்ட நீ பண்ணிக் குடு அக்கா. உசுரு பாடறத ஜனங்க கேக்கணும்."

"சளி பாடுமாடா?"

"சளின்னு சொல்லாதக்கா."

அன்றிலிருந்து அதற்குச் சளி என்றே பெயர்.

மூன்று வருஷமாக எந்த மண்டபமும் அவனை உள்ளே விட்டதில்லை. இதிலாவது தலையெடுக்கட்டும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு செய்துகொடுத்தாள். கடைசியாக டப்பாவிலிருந்த கம்பிகளைப் பழக்கதோஷத்தில் ஸ்பிரிட் சொட்டச் சொட்டத் துடைத்தாள், ஸ்க்ரூவுக்குப் பாலிஷ் வைத்தாள், அனுப்பிவிட்டாள். மறுநாள் மேஜையைத் துடைக்கும்போதுதான் பார்த்தாள். கம்பியோடு ஒட்டி வந்து சிந்திய ஒரு துளிச் சளி, ஸ்பிரிட் பட்ட இடத்தில் பழுப்பாகச் செத்துக் கிடந்தது.

அப்படியென்றால் டப்பாவுக்குள் இருப்பது? தம்பி பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுவிட்டோமே! மூன்று நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். திறப்பு நாளன்று, காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது என்று மண்டபத்துக்குப் போனாள்.

உள்ளே நுழையும்போதே ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று வந்தது. அப்பாடா, பிழைத்துவிட்டது!

கூட்டத்தின் நடுவில் ஒரு பெரிய மனிதர் டப்பாவுக்கு மேலே கையை நீட்டினார். சத்தம் ஏறியது. "என்னைப் புரிஞ்சுக்குது! பூமியோட மூச்சுங்க இது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள்.

அக்காவின் காது சும்மா இருக்குமா? பூமியாவது மூச்சாவது. எர்த் கம்பி சரியாகப் பிடிக்காத ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல். கையைக் கிட்டே கொண்டுபோனால் அது மாறத்தான் செய்யும். அவள் கடையில் பாதிப் பெட்டிகள் இப்படித்தான் பாடிக்கொண்டு வருகின்றன. டப்பாவை எட்டிப் பார்த்தாள். சளி பழுப்பாகி, ஓரத்தில் வெள்ளைப் பூசணம் பூத்து, அழுகல் வாடை அடித்தது. அந்த வாடையை முகர்ந்துகொண்டே அழுகிறார்கள்!

மேஜைக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயரைக் குனிந்து பார்த்தாள். எர்த் ஸ்க்ரூவில் பாலிஷ் உடைந்திருந்தது. யாரோ அரைச் சுற்றுத் தளர்த்தியிருந்தார்கள்.

தம்பி அருகில் வந்து குந்தினான். "கைய வைக்காதக்கா."

அக்கா அவன் தோளில் கையை வைத்தாள். "செத்துப்போச்சுடா. நான்தான் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டேன்."

"தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோனப்பவே செத்துடுச்சு. நான்தான் ஸ்க்ரூவ லூஸ் பண்ணேன். சத்தம் நல்லாத்தானே வருது? பேசாம இரு. கேட்டா, உன்கிட்டயும் பேசுதுன்னு சொல்லு."

நான்கு நாள் சோறு இறங்காமல் கிடந்தது இவனுக்காகவா? எலிப் புழுக்கையை வெறுங்கையால் அள்ளியவள், அவன் தோளில் வைத்திருந்த கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். "அக்கா, அக்கா," என்று அவன் கெஞ்சக் கெஞ்ச அரைச் சுற்று முறுக்கினாள். ஸ்பீக்கர் கப்சிப் ஆயிற்று. ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டுப் பாலிஷ் வைத்துவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள்.

பெரிய மனிதர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா, பேச மாட்டேங்குது?"

"அது செத்து நாலு நாளாச்சு சார். சோப்புப் போட்டுக் கையக் கழுவிக்குங்க."